துண்டுப் படத்தைப் பார்த்து வான்பொருளைச் சொல்லுங்கள்: காரணம் இல்லாத விடை செல்லாது

#1 பேச்சிப்பாறை (இழையைத் தொடங்கியவர்)

நம் மாவட்டத்து வான்நோக்கு அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அகஸ்தீஸ்வரம் முதல் விளவங்கோடு வரை வானம் மூடிக்கொள்கிறது. தொலைநோக்கியை உறைக்குள் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். அந்த நாள்களுக்காக ஒரு விளையாட்டை முன்மொழிகிறேன்.

விண்கலங்களும் பெரிய தொலைநோக்கிகளும் எடுத்துப் பொதுவில் வெளியிடப்பட்ட படம் ஒன்றிலிருந்து ஒரு சிறு பகுதியை மட்டும் வெட்டி இங்கே இடுவேன். அது எந்த வான்பொருள், அதன் எந்தப் பகுதி என்பதைச் சொல்ல வேண்டும். விடையோடு காரணமும் எழுதப்பட வேண்டும். அந்தக் காரணம் துண்டுக்குள்ளேயே கண்ணுக்குத் தெரிவதாக இருக்க வேண்டும். கைப்பேசியில் படத்தைக் கொடுத்துத் தேடினால் நொடியில் பெயர் வந்துவிடும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் பெயர் மட்டும் வந்து நமக்கு ஆவது ஒன்றுமில்லை. ஆகவே காரணம் சரியாக இருந்து பெயர் தவறினால் பாதி மதிப்பெண் உண்டு. பெயர் சரியாக இருந்து காரணம் இல்லாவிட்டால் மதிப்பெண்ணே இல்லை. வென்றவர் அடுத்த துண்டை இடலாம். படம் திறக்காத கைப்பேசி வைத்திருப்பவர்களும் இங்கே இருப்பதால், துண்டை இடுகிறவர் அதைச் சொற்களிலும் விவரிக்க வேண்டும்.

துண்டு 1: சாம்பல் நிறப் பரப்பு. நடுவில் ஒரு பெரிய கிண்ணக்குழியின் பாதிச் சுவர். குழியின் மையத்தில் உயரமான குன்று. அதன் நிழல் குழியின் தரையில் நீண்டு விழுகிறது. வலப்பக்கம் முழுவதும் இருள். இடப்பக்க மேல் மூலையில் அந்தப் பொருளின் விளிம்பு சற்றே தெரிகிறது. அதற்கு அப்பால் கருமையான வானம்.

#2 குளச்சல் கரை

இது நிலவின் தென்பகுதியில் உள்ள டைக்கோ கிண்ணக்குழி என்று கருதுகிறேன். நடுக்குன்று தெளிவாக இருக்கிறது. சுவர் செங்குத்தாக இருக்கிறது. நிழல் கூர்மையாக இருப்பதால் காற்று மண்டலம் இல்லை என்பதும் உறுதி. டைக்கோவின் விட்டம் சுமார் 85 கிலோமீட்டர். அதன் நடுக்குன்றை நிலவின் சுற்றுக்கலன் படங்களில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

#3 பத்மநாபபுரம் டீச்சர்

தம்பி சொன்ன மூன்று அடையாளங்களும் உண்மையே. ஆனால் அவை மூன்றும் காற்றில்லாத எந்தப் பொருளுக்கும் பொருந்தும். இந்தத் துண்டில் நம்மை வழிநடத்துவது அந்த மேல் மூலைதான். விளிம்பின் வளைவைக் கவனியுங்கள். ஒரு தாளை வைத்து அந்த வளைவை வட்டமாக நீட்டி வரைந்து பார்த்தால், குழியின் விட்டம் அந்தப் பொருளின் விட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வருகிறது. நிலவின் விட்டம் 3,474 கிலோமீட்டர். டைக்கோ அதில் நாற்பதில் ஒரு பங்கு. டைக்கோ இந்த அளவுக்குப் பெரிதாகத் தெரியும் துண்டில் நிலவின் விளிம்பு நேர்கோடாகவே தோன்றியிருக்கும்.

தன் உடலில் மூன்றில் ஒரு பங்கு அகலமுள்ள குழியும் அதன் நடுவில் குன்றும் உடைய உருண்டையான பொருள் என்றால் எனக்கு இரண்டு பெயர்களே நினைவுக்கு வருகின்றன, இரண்டும் சனியின் துணைக்கோள்கள். மைமாஸ் ஏறத்தாழ 396 கிலோமீட்டர் விட்டம் உடையது. அதன் ஹெர்ஷெல் குழி 139 கிலோமீட்டர். டெத்திஸ் ஏறத்தாழ 1,060 கிலோமீட்டர். அதன் ஒடிசியஸ் குழி சுமார் 445 கிலோமீட்டர். விகிதத்தை மட்டும் வைத்து இவற்றைப் பிரிப்பது கடினம். ஆனால் ஒடிசியஸின் தரை, பனிக்கட்டி காலப்போக்கில் தளர்ந்து வழிந்ததால், டெத்திஸின் உருண்டை வடிவத்தையே பின்பற்றி மேலெழும்பி ஆழம் குறைந்து கிடக்கிறது. இந்தத் துண்டில் தரை ஆழமாக இருக்கிறது, சுவர் குலையவில்லை, குன்றும் மழுங்கவில்லை. ஆகவே மைமாஸ், ஹெர்ஷெல் குழி.

#4 ஆரல்வாய்க் காற்று

ஒரு மறுப்பைப் பதிவு செய்கிறேன். செவ்வாயின் துணைக்கோளான ஃபோபோஸும் இந்த விகிதத்துக்குள் வருமே? ஏறத்தாழ 22 கிலோமீட்டர் அகலமுள்ள அந்தப் பொருளில் ஸ்டிக்னி குழி மட்டுமே சுமார் 9 கிலோமீட்டர். அதை டீச்சர் ஏன் விட்டுவிட்டார்கள்?

#5 பத்மநாபபுரம் டீச்சர்

அது உருண்டையானது அன்று. ஃபோபோஸுக்குத் தன்னை உருண்டையாக்கிக்கொள்ளும் அளவு ஈர்ப்பு இல்லை. அதன் விளிம்பை நீட்டி வரைந்தால் வட்டம் கிடைக்காது. மேலும் ஸ்டிக்னியில் இப்படிப்பட்ட நடுக்குன்று கிடையாது. ஃபோபோஸின் பரப்பெங்கும் ஓடும் நீண்ட வரிப்பள்ளங்களும் இந்தத் துண்டில் இல்லை.

#6 பேச்சிப்பாறை

விடை மைமாஸ். முழு மதிப்பெண். 1980-இல் வாயேஜர் 1 தொலைவிலிருந்து காட்டிய இந்தக் குழியை, காசினி விண்கலம் 2010 பிப்ரவரியில் பத்தாயிரம் கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் கடந்து சென்றபோது விரிவாகப் படம் பிடித்தது. இவ்வளவு சிறிய, பார்வைக்கு உறைந்து செத்துப்போன இந்தப் பொருளின் பனி ஓட்டுக்கு அடியில் நீர்க்கடல் இருக்கக்கூடும் என்று காசினி அளவீடுகளை ஆராய்ந்தவர்கள் 2024-இல் அறிவித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லி வைக்கிறேன். டீச்சர், அடுத்த துண்டு உங்களுடையது.

#7 பத்மநாபபுரம் டீச்சர்

துண்டு 2: கீழ்ப்பாதியில் செம்பழுப்பு நிறப் புகைமேடு, அதன் மேல்விளிம்பு கிழிந்த கரையைப் போல் ஒழுங்கின்றி இருக்கிறது. மேல்பாதியில் தெளிந்த நீலம். நீலத்தில் ஒரு பிரகாசமான விண்மீன். அதிலிருந்து ஆறு நீண்ட ஒளிமுட்களும், கிடைமட்டமாக இரண்டு சிறிய முட்களும் நீள்கின்றன.

#8 மார்த்தாண்டம் தேன்

விண்மீனின் முட்களே கருவியின் கைரேகை. ஹபிள் தொலைநோக்கியில் துணைக்கண்ணாடியைத் தாங்கும் கைகள் நான்கு. ஆகவே ஹபிள் படங்களில் விண்மீன்களுக்கு நான்கு முட்கள். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் 6.5 மீட்டர் முதன்மைக் கண்ணாடி 18 அறுகோணத் துண்டுகளால் ஆனது. அந்த விளிம்புகளில் ஏற்படும் விளிம்பு விளைவு, அதாவது ஒளி விளிம்பில் பட்டு வளைந்து பரவுவது, ஆறு முட்களைத் தருகிறது. துணைக்கண்ணாடியைத் தாங்கும் கால்கள் மூன்று. அவற்றில் இரண்டின் முட்கள் ஏற்கெனவே உள்ள ஆறில் சிலவற்றின் மீதே படியும்படி வடிவமைத்திருக்கிறார்கள். மூன்றாவது காலே அந்த இரண்டு சிறிய கிடைமட்ட முட்களுக்குக் காரணம். எனவே இது ஜேம்ஸ் வெப் எடுத்த படம்.

அந்தத் தொலைநோக்கியின் முதல் படங்களில், 2022 ஜூலை 12 அன்று வெளியானவற்றில், இத்தகைய புகைமேடும் நீல வெளியும் சந்திக்கும் காட்சி ஒன்று உண்டு: கேரினா நெபுலா என்னும் வாயு, தூசு முகிலின் ஓரத்தில் உள்ள, வான்பொருள் பட்டியலில் என்ஜிசி 3324 என்று குறிக்கப்படும் பகுதி. சுமார் 7,600 ஒளியாண்டு தொலைவு. மேலே, படத்துக்கு வெளியே உள்ள இளம் விண்மீன்களின் புறஊதாக் கதிர்களும் காற்றும் அந்த வாயுச் சுவரை அரித்துக்கொண்டிருக்கின்றன. கிழிந்த கரை அதனால் ஏற்பட்டது.

#9 ஆரல்வாய்க் காற்று

விடையை மறுக்கவில்லை, முறையைத்தான் கேள்வி கேட்கிறேன். இங்கே கண்டுபிடிக்கப்பட்டது வான்பொருள் அன்று, தொலைநோக்கி. முட்களை எண்ணிக் கருவியைச் சொல்லி, அந்தக் கருவியின் பெயர்பெற்ற படங்களை நினைவிலிருந்து புரட்டிப் பார்த்துப் பெயரைச் சொல்வது, வேறு பெயரில் செய்யும் படத் தேடல்தானே?

#10 மார்த்தாண்டம் தேன்

ஏற்க இயலவில்லை. முட்கள் துண்டுக்குள்ளேயே இருக்கின்றன, அவை ஏன் அப்படி இருக்கின்றன என்பதற்கு இயற்பியல் காரணம் இருக்கிறது. இழையின் விதி கேட்பது அவ்வளவுதான். நிலவின் நிழலை வைத்துச் சூரியன் இருக்கும் திசையைச் சொல்வது சான்று என்றால், கண்ணாடியின் விளிம்பை வைத்துக் கருவியைச் சொல்வதும் சான்றே. அரித்த கரை எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதிலிருந்து விண்மீன்கள் மேலே இருக்க வேண்டும் என்று சொன்னதும் நினைவிலிருந்து வந்ததன்று.

இன்னொன்று: நம்மவர்களுக்கு இது அன்னியமான இடமே அன்று. நாம் 8 பாகை வட அட்சக்கோட்டில் இருப்பதால் கேரினா நெபுலா ஏப்ரல் மாத முன்னிரவில் தெற்கே 22 பாகை உயரம் வரை எழுகிறது. கன்னியாகுமரிக் கரையில் தெற்கே ஊர்விளக்குகளே இல்லாத கடல் என்பதால் ஒரு சாதாரண பைனாகுலரிலேயே அதை ஒளித்திட்டாகக் காணலாம். தில்லியில் இருப்பவருக்கு அது அடிவானத்துப் புழுதியோடு போய்விடும்.

#11 பேச்சிப்பாறை

தேன் சொன்னதே இழையின் முடிவு. கருவியின் தடயமும் சான்றாகும். ஆனால் அது மட்டும் போதாது, துண்டில் உள்ள பொருளைப் பற்றியும் ஒரு காரணமாவது வேண்டும். விடை சரி.

#12 மார்த்தாண்டம் தேன்

துண்டு 3: விளிம்பு முதல் விளிம்பு வரை விண்மீன்கள். வெண்மை, மஞ்சள், செம்மஞ்சள், சில நீலம். வேறு எதுவும் இல்லை.

#13 குளச்சல் கரை

ஒமேகா சென்டாரி கோளக் கொத்து.

#14 பேச்சிப்பாறை

காரணம்?

#15 குளச்சல் கரை

விண்மீன்கள் மிக நெருக்கமாக இருக்கின்றன.

#16 ஆரல்வாய்க் காற்று

கோளக் கொத்து என்றாலே விண்மீன்கள் உருண்டையாகத் திரண்ட கூட்டம்தான். தெற்கே 47 டுகேனே என்னும் கொத்தின் நடுப்பகுதியும் நெருக்கமாகத்தான் இருக்கும். வடக்கே எம்13-உம் அப்படியே. நிறக் கலவையும் எல்லாக் கோளக் கொத்துகளிலும் ஏறத்தாழ இதுவே: முதிர்ந்த சிவப்புப் பெருமீன்கள், மஞ்சள் நிற நடுத்தர விண்மீன்கள், வெப்பம் மிகுந்த சில நீல விண்மீன்கள். இந்தத் துண்டுக்குள் அளவுகோலும் இல்லை, விளிம்பும் இல்லை, கொத்தின் மையத்திலிருந்து வெளிப்புறம் நோக்கி அடர்த்தி குறையும் விதமும் இல்லை. பெயர் சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பெயருக்கு இந்தத் துண்டிலிருந்து வழி கிடையாது. குற்றம் விடை சொன்னவரிடம் இல்லை, வெட்டியவரிடம் இருக்கிறது.

#17 பேச்சிப்பாறை

துண்டு 3 விலக்கிக்கொள்ளப்படுகிறது. இனிமேல் துண்டை இடுகிறவர் முதலில் எனக்குத் தனிமடலில் விடையையும், அந்த விடைக்குத் துண்டுக்குள் இருக்கும் காரணத்தையும் எழுதி அனுப்ப வேண்டும். காரணம் எழுத முடியாத துண்டு இங்கே வராது. (ஒமேகா சென்டாரியைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: மே மாத முன்னிரவில் தெற்கே, தென்சிலுவைக்குச் சற்று மேலே கிழக்காகத் தேடுங்கள். நம் கரையிலிருந்து 34 பாகை உயரம் வரை வரும். இருட்டான இடத்தில் வெறுங்கண்ணுக்கே மங்கலான விண்மீன் போல் தெரியும்.) மணவாளக்குறிச்சி மணல் ஒரு துண்டும் அதற்குரிய காரணமும் அனுப்பியிருக்கிறார். அவருக்கு வாய்ப்பு.

#18 மணவாளக்குறிச்சி மணல்

துண்டு 4: இடப்பக்கம் செம்மஞ்சள் கலந்த தட்டைச் சமவெளி. வலப்பக்கம் ஆழ்ந்த நீலத் தட்டைச் சமவெளி. இரண்டும் ஓர் எல்லைக் கோட்டில் சந்திக்கின்றன. இரண்டிலும் சிறு கிண்ணக்குழிகள் சிதறிக் கிடக்கின்றன. கீழ் ஓரத்தில் இளஞ்சிவப்பு நிற மேட்டு நிலம். படத்தின் நிறம் மிகைப்படுத்தப்பட்டது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

#19 குளச்சல் கரை

நீலப் பகுதி கடலாகவும் செம்மஞ்சள் பகுதி பாலைவனமாகவும் இருக்க வேண்டும். பூமியைச் செயற்கைக்கோள் எடுத்த படம்.

#20 பத்மநாபபுரம் டீச்சர்

கடலில் கிண்ணக்குழி நிலைக்காது, தம்பி. நீலப் பகுதிக்குள்ளும் குழிகள் இருக்கின்றனவே. காற்றும் நீரும் இல்லாத பாறைப் பரப்பு இது. மிகைநிறத்தில் வெளியான பாறைப் பரப்புகளில் முதலில் நினைவுக்கு வருவது புதன். மெசஞ்சர் விண்கலம் தந்த மிகைநிறப் படங்களில் புதனும் நீலமும் செம்மஞ்சளுமாகவே தெரிகிறது. அங்குள்ள காலோரிஸ் என்னும் மாபெரும் மோதல் பள்ளத்தின் உட்சமவெளி செம்மஞ்சள். ஆனால் முடிவாகச் சொல்லத் தயங்குகிறேன்.

#21 ஆரல்வாய்க் காற்று

நிறத்தையே சான்றாக ஏற்கலாமா என்பதில் எனக்கு ஐயம். நிறத்தை மிகைப்படுத்துகிறவர் தம் விருப்பம் போல் எந்த நிறத்தையும் பூசலாமே. கேரினாவின் செம்பழுப்பும் நீலமும் கூட, அகச்சிவப்பில் நீண்ட அலைகளுக்குச் சிவப்பையும் குறுகிய அலைகளுக்கு நீலத்தையும் ஒதுக்கியதால் வந்தவைதாம்.

#22 மார்த்தாண்டம் தேன்

ஒதுக்குவதற்கு ஒழுங்கு இருக்கும்வரை அது பூச்சு ஆகாது. எந்த அலைநீளத்துக்கு எந்த நிறம் என்பது தெரிந்தால், நிறம் ஓர் அளவீடு.

டீச்சருக்கு ஒரு குறிப்பு. புதனின் மிகைநிறப் படங்களில் நீலம் பெரும்பாலும் குழிகளைச் சுற்றிச் சிதறிய குப்பையாகவே தோன்றும். அடியில் இருந்த கருமையான பொருளை மோதல் தோண்டி வெளியே வீசியதால் அப்படி. இங்கே நீலம் ஒரு தட்டைச் சமவெளி முழுவதையும் நிரப்பி, மற்றொரு சமவெளியின் கரையில் வந்து முட்டி நிற்கிறது. வேதியியலில் வேறுபட்ட இரண்டு எரிமலைக்குழம்புப் பெருக்குகள் அருகருகே உறைந்த இடம் இது. என் விடை நிலவு: இடப்பக்கம் மாரே செரினிடாட்டிஸ், வலப்பக்கம் அமைதிக்கடல் எனப்படும் மாரே டிராங்குயிலிடாட்டிஸ் ('மாரே' என்பது நிலவின் எரிமலைக்குழம்புச் சமவெளிகளுக்கு வழங்கும் பெயர்).

#23 மணவாளக்குறிச்சி மணல்

விடை சரி. 1992 டிசம்பரில், வியாழனுக்குப் போகும் வழியில் பூமியைக் கடந்த கலிலியோ விண்கலம் எடுத்த நிலவுப் படத்தின் துண்டு அது. நான் இந்தத் துண்டைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே எழுத அனுமதியுங்கள். ஆரல்வாய் அண்ணாச்சியின் ஐயத்துக்கும் அதில் விடை இருக்கிறது.

நீலப் பகுதியில் டைட்டானியம் மிகுதி. 1969 ஜூலையில் அப்பல்லோ 11 இறங்கியது அந்தச் சமவெளியில்தான். அங்கிருந்து கொண்டுவந்த எரிமலைப் பாறைகளில் டைட்டானியம் ஆக்சைடு எடையில் பத்து விழுக்காட்டை ஒட்டி இருந்தது. அதைப் பெரும்பாலும் தாங்கி நிற்கும் கனிமம் இல்மனைட்: இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது. எங்கள் ஊர்க் கடற்கரையைப் பார்த்தவர்களுக்கு அதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. அலை ஒதுக்கிய கருமணலில் கருமையாக மின்னுவது அதே இல்மனைட். மோனசைட்டையும் சிர்க்கானையும் கார்னெட்டையும் அதனிடமிருந்து பிரித்தெடுக்கும் ஆலை இங்கே பல பத்தாண்டுகளாக இயங்குகிறது.

இல்மனைட் கருமையானது, நீலமானது அன்று. பிறகு நிலவில் ஏன் நீலம்? நிலவின் மண் பொதுவாக நீல ஒளியைவிடச் சிவப்பு ஒளியைச் சற்று மிகுதியாகத் திருப்புகிறது. இல்மனைட் எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒரே அளவில் விழுங்கிவிடுவதால், அது கலந்த இடத்தில் சிவப்பின் பக்கம் சாய்ந்த அந்தச் சாய்வு குறைகிறது. நீலத்துக்கும் சிவப்புக்கும் உள்ள விகிதத்தைப் பெரிதாக்கிக் காட்டும்போது அத்தகைய இடங்கள் சுற்றுப்புறத்தைவிட நீலமாகத் தோன்றுகின்றன. நிறத்தை யாரும் பூசவில்லை, மிக மெல்லிதாக ஏற்கெனவே இருந்த வேறுபாட்டைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்கள். முழுநிலவன்று நல்ல தொலைநோக்கியில் எடுத்த உங்கள் படத்தையே எடுத்து, நிறச்செறிவைப் படிப்படியாகக் கூட்டிப் பாருங்கள். இதே நீலம் இதே இடத்தில் வரும்.

#24 ஆரல்வாய்க் காற்று

விளக்கத்தை ஏற்கிறேன், அப்படியானால் நிறம் மிகைப்படுத்தப்பட்டதா இல்லையா என்பதைத் துண்டை இடுகிறவர் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்பதை விதியாக்குங்கள். அடுத்த துண்டை இடும் வாய்ப்பைத் தேன் எனக்குத் தந்திருக்கிறார்.

துண்டு 5: நிறம் மாற்றப்படவில்லை, கருப்பு வெள்ளை. வடக்கு மேலே இருக்கிறது. பரப்பெங்கும் வட்டவட்டமான மேடுகள். பெரிய மேடு ஒன்றைச் சுற்றிச் சிறு மேடுகள் கூட்டங்கூட்டமாகவும் சங்கிலியாகவும் நெருங்கி நிற்கின்றன. ஒரு மேட்டின் உச்சியில் ஒழுங்கற்ற, மிகப் பிரகாசமான திட்டுகள்.

#25 குளச்சல் கரை

வெள்ளியின் எரிமலைக் குவிமாடங்கள். மெகல்லன் விண்கலம் 1990-களின் தொடக்கத்தில் ரேடார் மூலம் எடுத்த படங்களில் சுமார் 25 கிலோமீட்டர் அகலமுள்ள தட்டையான வட்டக் குவிமாடங்கள் பல இருக்கின்றன.

#26 பத்மநாபபுரம் டீச்சர்

ரேடார் படத்தில் வெளிச்சமும் நிழலும் இப்படி விழாது. அங்கே பிரகாசம் என்பது பெரும்பாலும் பரப்பின் கரடுமுரடைக் காட்டுவது. வழுவழுப்பான சமவெளி கருமையாகவும் உடைந்த பாறைக்காடு வெண்மையாகவும் தெரியும். இங்கே ஒவ்வொரு வட்டத்திலும் ஒருபுறம் வெளிச்சம், எதிர்ப்புறம் நிழல் என்று ஒரே சீராக இருக்கிறது. இது சூரிய ஒளி.

எல்லோரும் கைப்பேசியைத் தலைகீழாகத் திருப்பி, திரை தானாகச் சுழலாதபடி பூட்டிவிட்டு, மீண்டும் ஒருமுறை பாருங்கள். மேடுகள் அத்தனையும் குழிகளாகிவிடும். ஒளி மேலிருந்துதான் வரும் என்று நம் கண் பழகியிருக்கிறது; இந்தத் துண்டில் ஒளி கீழிருந்து வருகிறது. வடக்கு மேலே என்று அண்ணாச்சி சொன்னதிலேயே குறிப்பு இருக்கிறது: வடக்கு உயர் அட்சக்கோடுகளில் சூரியன் எப்போதும் தெற்கே தாழ்வாக நிற்கும், ஆகவே ஒளி படத்தின் கீழ்ப்புறத்திலிருந்து வந்தாக வேண்டும்.

#27 மணவாளக்குறிச்சி மணல்

குழிகள் என்று தெரிந்த பின் நிலவா, புதனா என்பதே கேள்வி. என் கருத்து புதன். பெரிய குழியிலிருந்து தெறித்து விழுந்த கற்கள் உண்டாக்கிய துணைக்குழிகள் தாய்க்குழிக்கு மிக அருகிலேயே நெருங்கிக் கிடக்கின்றன. புதனின் ஈர்ப்பு முடுக்கம் நொடிக்கு நொடி 3.7 மீட்டர், நிலவில் 1.62 மட்டுமே. அதே வேகத்தில் எறியப்பட்ட கல் நிலவில் விழும் தொலைவில் பாதிகூடப் புதனில் போகாது. இரண்டாவதாக, நாம் உச்சி என்று எண்ணியது உண்மையில் ஒரு குழியின் தரை. அங்கே உள்ள பிரகாசமான ஒழுங்கற்ற திட்டுகள் ஆழமற்ற பள்ளங்கள். எளிதில் ஆவியாகும் ஏதோ ஒரு பொருள் வெளியேறியதால் நிலம் தாழ்ந்து உண்டானவை என்று கருதப்படும் இத்தகைய பள்ளங்களை 2011-இல் புதனைச் சுற்றத் தொடங்கிய மெசஞ்சர் விண்கலம் ஏராளமாகப் படம்பிடித்தது.

#28 ஆரல்வாய்க் காற்று

புதன் சரி. டீச்சருக்குப் பாதி, மணலுக்குப் பாதி என்று பேச்சிப்பாறை அண்ணாச்சி பிரித்துக் கொடுக்கட்டும்.

#29 குளச்சல் கரை

முறை வருவதற்கு முன்பே ஒரு துண்டை இடுகிறேன், பொறுத்தருளுங்கள். துண்டு 6: மஞ்சளும் செம்பழுப்பும் கருமையும் கலந்த திட்டுகள். கிண்ணக்குழி ஒன்றுகூட இல்லை.

#30 மார்த்தாண்டம் தேன்

வியாழனின் அயோவைப் போல் காட்டப் பார்க்கிறீர்கள். அயோவிலும் மோதல் குழி கிடையாது, எரிமலைகள் பரப்பை ஓயாமல் புதுப்பித்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் அயோவில் நிறங்கள் எரிமலை வாய்களைச் சுற்றி வளையங்களாகப் படியும். பீலே எரிமலையைச் சுற்றியுள்ள சிவப்பு வளையம் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் அகலமானது. இந்தத் துண்டில் வாயும் இல்லை, வளையமும் இல்லை. எல்லாத் திட்டுகளையும் ஊடுருவி நேர்கோட்டில் இரண்டு கீறல்கள் ஓடுகின்றன. இது குளச்சல் கரையில் ஏற்றி வைத்த விசைப்படகின் இரும்புத் தகடு.

#31 பேச்சிப்பாறை

2022-இல் எத்தியென் க்ளைன் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர், சோரிசோ என்னும் தொத்திறைச்சித் துண்டின் படத்தை ஜேம்ஸ் வெப் எடுத்த பிராக்சிமா சென்டாரி விண்மீன் என்று இணையத்தில் வெளியிட, பலர் அதை நம்பிவிட்டார்கள். பிறகு அவரே விளக்கமளிக்க வேண்டியதாயிற்று. தம்பியின் நோக்கம் புரிகிறது. ஆனால் இங்கே வானம் மட்டும். துண்டு 6 நீக்கப்படவில்லை, மதிப்பெண்ணும் இல்லை. டீச்சரிடமிருந்து ஒரு துண்டு வந்திருக்கிறது.

#32 பத்மநாபபுரம் டீச்சர்

துண்டு 7: நிறம் நீக்கப்பட்டது. வெளிர்சாம்பல் நிறத்தில், பக்கங்கள் ஒழுங்கற்ற பலகோண அறைகள் பரப்பு முழுவதையும் நிரப்பியிருக்கின்றன. அறைகளுக்கு இடையே மெல்லிய கருங்கோடுகள். சில அறைகளின் மேல் நுண்ணிய புள்ளிக்குழிவுகள். இரண்டு அறைகள் சந்திக்கும் ஓரத்தில் கரிய கட்டி ஒன்று.

#33 ஆரல்வாய்க் காற்று

சூரியனின் மேற்பரப்பு. உள்ளிருந்து வெப்பமான வாயு எழுந்து, குளிர்ந்து, ஓரங்களில் இறங்கும் சலன அறைகள். ஒவ்வொன்றும் சுமார் ஆயிரம் கிலோமீட்டர் அகலம். எழும் நடுப்பகுதி பிரகாசமாகவும், இறங்கும் ஓரம் கருமையாகவும் இருக்கும். கரிய கட்டி, உருவாகத் தொடங்கும் ஒரு சிறு சூரியப்புள்ளி. 1909-இல் எவர்ஷெட் சூரியப்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தது நம் கொடைக்கானல் ஆய்வகத்தில். டீச்சர் அதை நினைத்துத்தான் இந்தத் துண்டை எடுத்திருப்பார்கள்.

#34 மணவாளக்குறிச்சி மணல்

சலன அறைகள் என்பதை ஏற்கிறேன், சூரியன் என்பதை ஏற்கவில்லை. அந்தக் கரிய கட்டியைப் பெரிதாக்கிப் பாருங்கள். அதன் ஒருபுறம் ஒளிர்கிறது, மறுபுறத்திலிருந்து குறுகிய நிழல் ஒன்று அருகிலுள்ள அறையின் மேல் விழுகிறது. தானே ஒளிரும் பரப்பின் மேல் நிழல் விழ வழியில்லை. நுண்ணிய குழிவுகளிலும் ஒரே திசையிலிருந்து ஒளி பட்டிருக்கிறது. ஆகவே இது வெளியிலிருந்து ஒளி பெறும் திடமான பரப்பு. ஆனால் மெல்லப் புரளும் அளவுக்கு மென்மையானது. பாறை அப்படிப் புரளாது. நீர்ப்பனியும் அந்தக் குளிரில் பாறையைப் போல இறுகியே இருக்கும். உறைந்த நைட்ரஜன் புரளும்.

புளூட்டோவின் ஸ்புட்னிக் சமவெளி. நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் 2015 ஜூலை 14 அன்று அருகில் கடந்தபோது எடுத்தது. அறைகள் 10 முதல் 40 கிலோமீட்டர் அகலம். கரிய கட்டி நீர்ப்பனிக் குன்றாக இருக்க வேண்டும். உறைந்த நைட்ரஜனைவிட நீர்ப்பனி அடர்த்தி குறைந்தது என்பதால் அதன் மேல் மிதந்து, சலனத்தால் அறைகளின் ஓரத்துக்கு ஒதுக்கப்படுகிறது. மோதல் குழி ஒன்றுகூட இல்லாததும் பொருந்துகிறது. பரப்பு ஏறத்தாழ ஐந்து இலட்சம் ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகிவிடுகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சூரியனின் அறை சில நிமிடங்களில் தோன்றி மறைவது.

#35 பத்மநாபபுரம் டீச்சர்

விடையும் காரணமும் நான் அண்ணாச்சிக்கு அனுப்பியவற்றோடு ஒத்துப்போகின்றன. நிழலை நான் இரண்டாவது காரணமாகவே எழுதியிருந்தேன். அதை முதலில் வைப்பது மேலானது. நிறத்தை நீக்கியதும் வேண்டுமென்றே செய்ததுதான், நிறம் இருந்தால் சூரியன் என்ற எண்ணமே யாருக்கும் வந்திருக்காது.

#36 பேச்சிப்பாறை

மணலுக்கு முழு மதிப்பெண். அறைகள் சலனத்தால் ஆனவை என்பதைக் காரணத்தோடு முதலில் சொன்ன ஆரல்வாய்க் காற்றுக்குப் பாதி. அடுத்த துண்டை மணல் இடுவார். வெள்ளிக்கிழமை இரவுக்குள் விடையும் காரணமும் எனக்குத் தனிமடலில் வந்துவிட வேண்டும். குளச்சல் தம்பியும் ஒரு துண்டு அனுப்பலாம், படகு இல்லாமல்.